200 ரூபாய் மீட்டரும் 230 வோல்ட்டும்

‘அண்ணே, காலையில செல்ஃப் அமுக்கினா ‘டக்’னு ஒரு சத்தம், அதோட சரி. மெக்கானிக் பேட்டரி மாத்தணும்கிறார். ரூம்மேட் என்னடான்னா, முதல்ல ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கி செக் பண்ணுங்கிறான். 200 ரூபாய்க்கும் இருக்கு, 5,000 ரூபாய்க்கும் இருக்கு. எதை வாங்க? ஹாஸ்டல்ல அயர்ன் பாக்ஸ், சார்ஜர் எல்லாம் செக் பண்ணவும் உதவணும்.’

மாமல்லபுரத்துல இருந்து ஈ.சி.ஆர். வழியா தினமும் பைக்ல காலேஜ் போய் வர்ற ஒரு தம்பியோட கேள்வி இது. பதிலை முதல்லயே சொல்லிடுறேன். பைக்குக்கு மட்டும்னா அந்த 200 ரூபாய் மீட்டரே போதும். ஆனா அதே மீட்டரை ஹாஸ்டல் சுவத்துல இருக்கிற பிளக் பாயின்ட்ல சொருகப் போறீங்கன்னா, போதவே போதாது. ஏன்னு கொஞ்சம் விலாவாரியா பார்ப்போம்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்தக் கடையில மீட்டர் கேட்டாலும் முதல்ல எடுத்து நீட்டுறது ஒரு மஞ்சள் இல்லேன்னா கறுப்பு டப்பா. நடுவுல வட்டமா ஒரு திருகு, பக்கத்துல மூணு ஓட்டை, ரெண்டு நூல் மாதிரி வயர். பேரு டிடி-830. எந்த கம்பெனி செஞ்சதுன்னு கேட்காதீங்க, கடைக்காரருக்கே தெரியாது. இதுல இருக்கிற விஷயத்தைக் குறைச்சு எடை போடவும் வேண்டாம். உள்ள இருக்கிறது 7106 வம்சத்து சிப். பல வருஷமா உலகம் பூரா மலிவு மீட்டர்களுக்கு இதயமா இருக்கிற ஐட்டம். 1923-ல இங்கிலாந்துல டொனால்ட் மெக்காடின்னு ஒரு தபால் துறை இன்ஜினீயர், வோல்ட் அளக்க ஒண்ணு, ஆம்ப் அளக்க ஒண்ணு, ஓம் அளக்க ஒண்ணுன்னு மூட்டை தூக்கி அலுத்துப் போய்தான் மூணையும் ஒரே பெட்டியில போட்ட ‘ஏவோ’ மீட்டரைக் கொண்டு வந்தார். அந்தக் காலத்துல அது வாங்குறது பெரிய விஷயம். இன்னிக்கு அதே மூணும் ஒரு பிரியாணி விலைக்குக் கிடைக்குது.

டிடி-830 ஒரு ‘மூணரை டிஜிட்’ மீட்டர். அதாவது 1999 வரைக்கும்தான் எண்ணும். திருகை 20 வோல்ட் டி.சி.யில வெச்சா, பைக் பேட்டரி 12.63-னு ரெண்டு தசமத்தோட தெரியும். 200-ல வெச்சா வெறும் 12.6. நமக்கு வேண்டியது அந்த ரெண்டாவது தசமம்தான், ஸோ 20-லயே வைங்க. துல்லியம் எவ்வளவுன்னா, கூட வர்ற துண்டுச் சீட்டுல பொதுவா அரை சதவீதம், கூட ரெண்டு டிஜிட்னு போட்டிருப்பாங்க. கணக்கு போட்டா 12.60-க்கு 0.08 வோல்ட் முன்னபின்ன. பைக் பேட்டரியோட ஜாதகம் பார்க்க இது தாராளம்.

ஜாதகம் எப்படிப் பார்க்கிறது? ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, காலையில சாவி போடுறதுக்கு முன்னாடி அளங்க. வண்டி ஓட்டி முடிச்ச கையோட அளந்தா, இப்பதான் சாப்பிட்டு வந்தவன்கிட்ட பசிக்குதான்னு கேட்ட மாதிரி. எப்பவும் நல்ல நம்பர்தான் வரும். 12.6, 12.7 இருந்தா ஃபுல். 12.4 சுமார். 12.0-க்குப் பக்கம்னா பேட்டரி கிட்டத்தட்ட காலி. அடுத்து, மீட்டரை பேட்டரியிலயே பிடிச்சுக்கிட்டு இன்னொருத்தரை விட்டு செல்ஃப் அமுக்கச் சொல்லுங்க. நம்பர் சடார்னு இறங்கும். 10-க்கு மேல நின்னா பேட்டரி தெம்பா இருக்கு. 9-க்கும் கீழ விழுந்து தவிச்சா, பேட்டரிக்கு ஒண்ணு சார்ஜ் இல்லை, இல்லேன்னா ஆயுசு இல்லை. மூணாவதா, வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடிச்சா 14 வோல்ட் பக்கம் வரணும். 13-ஐயே தாண்டலைன்னா சார்ஜ் ஏறலை. புது பேட்டரி போட்டாலும் அடுத்த வாரம் அதே ‘டக்’தான். 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போயிடுச்சு, பேட்டரியை வேக வெச்சுக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

இப்ப நம்ம தம்பி கேஸுக்கு வருவோம். செல்ஃப் அமுக்கும்போது பேட்டரியில நம்பர் விழவே இல்லை, 12.4-லயே கல்லு மாதிரி நிக்குது, ஆனா மோட்டார் சுத்தலைன்னு வைங்க. நிறைய பேர் ஏமாந்து பல்பு வாங்குற இடம் இதுதான். பேட்டரி கொடுக்கத் தயாரா நிக்குது, வாங்கிட்டுப் போக வழியில்லை. வயர்லயோ ரிலேயிலயோ எர்த்துலயோ அடைப்பு. இந்த நிலையில புது பேட்டரி மாத்தினா, ஆயிரம் ரெண்டாயிரம் ரூபாய் கடலுக்குத் தாரை வார்த்த மாதிரி.

கடல்னு சும்மா பேச்சுக்குச் சொல்லலை. கோவளத்துல இருந்து கல்பாக்கம் வரைக்கும் ரோட்டோரமா ராத்திரி நிக்கிற எந்த வண்டிக்கும் முதல் எதிரி உப்புக்காத்துதான். 1300 வருஷமா நிக்கிற கடற்கரைக் கோயில் கல்லையே அது அரிக்குது. கல்லுக்குள்ள இறங்கின உப்பை வெளியே இழுக்கத் தொல்லியல் துறை காகிதக் கூழை அப்பிக் காய வெச்சு எடுக்கிறாங்க. காத்தைத் தடுக்க சவுக்குத் தோப்பே போட்டாங்க. பல்லவர் கல்லுக்கே அந்த கதின்னா, இன்ஜின் பக்கத்துல ஒரு போல்ட்டுல மாட்டியிருக்கிற எர்த் வயர் எந்த மூலைக்கு? பார்க்க நல்லாத்தான் இருக்கும். கழட்டிப் பார்த்தா உள்ள பச்சையா களிம்பு பூத்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க, மீட்டரை ஓம்ஸ்ல வெச்சோ பஸ்ஸர்ல வெச்சோ அந்த வயரைச் செக் பண்ணினா ‘பீப்’னு சத்தம் போட்டு, எல்லாம் ஓகேன்னு சொல்லிடும். மீட்டர் மேல தப்பில்லை. களிம்போட தடை 0.05 ஓம்னு வைங்க. இந்த மீட்டருக்கு 0.1-க்குக் கீழ கண்ணே தெரியாது, கூட வர்ற வயரே அதைவிட அதிகத் தடை காட்டும். ஆனா செல்ஃப் மோட்டார் 40 ஆம்ப் இழுக்கும்போது அந்த 0.05 ஓம் என்ன பண்ணும்? ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச ஓம் விதிதான். 40-ஐ 0.05-ஆல பெருக்குங்க. 2 வோல்ட்! மோட்டாருக்குப் போக வேண்டிய 12-ல 2 வோல்ட்டை ஒரு துளி களிம்பு சாப்பிட்டுடுது.

அதனால ஓம்ஸை விட்டுட்டு வோல்ட்டுக்கு வாங்க. திருகு 20 வோல்ட் டி.சி. கறுப்பு முள்ளை பேட்டரியோட மைனஸ் முனையிலயும், சிவப்பு முள்ளை இன்ஜின் உடம்புல பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டுலயும் வைங்க. ரெண்டுமே மைனஸ்தானே, என்னத்தை அளக்குறதுன்னு தோணும். செல்ஃப் அமுக்குங்க. 0.1, 0.2-ன்னு வந்தா எர்த் சுத்தம். அரை வோல்ட்டைத் தாண்டினா திருடன் அங்கதான் இருக்கான். இதே மாதிரி பேட்டரி பிளஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டார் முனைக்கும் நடுவுல வைங்க. அமுக்குறதுக்கு முன்னாடி 12 காட்டும், பயப்படாதீங்க. அமுக்கினதும் அது அரை வோல்ட்டுக்குள்ள விழணும். விழலைன்னா அந்தப் பக்கத்து வயர் இல்லேன்னா ரிலே. ரெண்டு பக்கமும் சுத்தம், ஆனாலும் சுத்தலைன்னா அப்பதான் மோட்டார் மேல சந்தேகப்படணும். எர்த் போல்ட்டைக் கழட்டி, உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேய்ச்சு, திரும்ப இறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவுங்க. உப்புக்காத்து கெடுத்ததை உப்புத்தாள் சரி பண்ணும். செலவு பத்து ரூபாய்.

இந்த ஒரு டெஸ்ட்டுக்காகவே பைக் வெச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் மீட்டர் வாங்கலாம்ங்கிறது என் கட்சி. இதுக்கு 5,000 ரூபாய் மீட்டர் காட்டுற பதிலையேதான் 200 ரூபாய் மீட்டரும் காட்டும்.

வண்டியை நாலு நாள் நிறுத்திட்டு ஊருக்குப் போய்ட்டு வந்தா பேட்டரி டவுன்னு இன்னொரு புலம்பல் உண்டு. சாவி ஆஃப்ல இருக்கும்போதும் ஏதோ ஒண்ணு கரன்ட்டை உறிஞ்சுது. மைனஸ் வயரைக் கழட்டி, அந்த இடைவெளியில மீட்டரை ஆம்ப்ஸ்ல மாட்டினா தெரிஞ்சிடும். டிஜிட்டல் கடிகாரம் இருக்கிற வண்டியில சில மில்லிஆம்ப் சகஜம். 50 மில்லிஆம்ப் போனா 5 ஆம்ப்-ஹவர் பேட்டரி 100 மணி நேரத்துல காலி, அதாவது நாலே நாள். கண்ட கடையில போட்ட அலாரம், எல்.இ.டி. பட்டை எல்லாம்தான் பெரும்பாலும் குற்றவாளி. மீட்டர் இந்த நிலையில இருக்கும்போது மட்டும் செல்ஃப் பக்கம் கையே போகக் கூடாது. 10 ஆம்ப் ஓட்டை வழியா 40 ஆம்ப் பாஞ்சா மீட்டருக்குச் சங்குதான்.

சங்கு மீட்டருக்குன்னா பரவாயில்லை. நமக்கு ஊதாம இருக்கணும். அதுக்குத்தான் வீட்டு கரன்ட்டைத் தனியா பேசணும்னு சொன்னேன்.

டிடி-830-ல அந்த 10 ஆம்ப் ஓட்டை பக்கத்துல பொடி எழுத்துல ‘அன்ஃபியூஸ்டு’னு போட்டிருக்கும். உள்ள ஒரு கனமான கம்பித் துண்டு மட்டும்தான், பியூஸ் கிடையாது. காலையில பைக் கரன்ட்டை அளந்துட்டு, சிவப்பு வயரை அதே ஓட்டையிலயே விட்டுட்டு, சாயங்காலம் பிளக் பாயின்ட்ல வோல்ட் பார்ப்போம்னு ரெண்டு முள்ளையும் சொருகினா என்ன ஆகும்? பேஸையும் நியூட்ரலையும் ஒரு கம்பியால நேரா சேர்த்த மாதிரி. திருகு எங்க இருந்தாலும் காப்பாத்தாது. பைக்ல இதே தப்பைப் பண்ணினா ஒரு தீப்பொறி, ஒரு கெட்ட வார்த்தை, அதோட முடிஞ்சுடும். 230 வோல்ட்ல மீட்டர் கையிலயே வெடிக்கும். வெடிக்கும்போது கண்ணு அதுக்கு நேரா நம்பரைப் பார்த்துக்கிட்டிருக்கும், அதான் கொடுமை.

இதுக்காகத்தான் ‘கேட்’ ரேட்டிங்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. பூனை இல்லை, கேட்டகரி. கேட் II-ன்னா பிளக் பாயின்ட்ல மாட்டுற சாமான்கள் வரைக்கும். கேட் III-ன்னா வீட்டு மெயின் போர்டு வரைக்கும். கேட் IV-ன்னா தெருக் கம்பத்துல இருந்து வர்ற லைன் வரைக்கும். கம்பத்துக்குக் கிட்டப் போகப் போக, இடி மின்னல்ல வர்ற திடீர் எகிறலும் பெருசு, ஷார்ட் ஆனா பாயுற கரன்ட்டும் பெருசு. அதைத் தாங்க மீட்டருக்குள்ள இடைவெளி வேணும், மண் நிரப்பின பீங்கான் பியூஸ் வேணும், முள்ளுல விரல் வழுக்காம இருக்க மேடு வேணும், வயர்ல தடிமனான ரப்பர் வேணும். இது எதையும் 200 ரூபாய்க்குள்ள யாரும் கொடுக்க முடியாது. ஆனா ‘கேட் III 1000 வோல்ட்’னு டப்பா மேல அச்சடிக்கலாம். அதுக்கு மை செலவு மட்டும்தானே!

அப்ப எவ்வளவு செலவு பண்ணலாம்? படிக்கிற பையன் பட்ஜெட்ல, 700-ல இருந்து 1,500 ரூபாய் வரைக்கும் ஒரு நல்ல வட்டம் இருக்கு. மாஸ்டெக், யூனி-டி, நம்ம நாட்டு மெக்கோ, மோட்வானே, ரிஷப் மாதிரி பேர் சொல்லிக் கேட்டு வாங்கக்கூடிய கம்பெனிகளோட சின்ன மாடலைப் பாருங்க. விலை ஊருக்கு ஊர் ஆடும். கடையிலயே 10 ஆம்ப் வழிக்கு பியூஸ் இருக்கான்னு கேளுங்க, ஓட்டைக்குப் பக்கத்துலயே எழுதியிருக்கும். வயரைக் கையில வெச்சு எடை பாருங்க. நல்ல வயர் நூடுல்ஸ் மாதிரி தொங்காது. பிளக்கோட உலோகம் வெளியே தெரியாம பிளாஸ்டிக் உறை மூடியிருக்கணும்.

கூட கொஞ்சம் காசு இருக்கிறவங்களுக்கு ஒரு சுவாரசியமான உதாரணம், ஃப்ளூக் 101. உள்ளங்கை சைஸ் மீட்டர், கேட் III 600 வோல்ட். இந்தத் தொழில்ல பெரிய பேர் எடுத்த அமெரிக்க கம்பெனி, ஆரம்ப மாடலா இதை விக்குது. இதுல ஆம்ப் அளக்குற வசதியே கிடையாது. வயரைத் தப்பா சொருக இன்னொரு ஓட்டையே இல்லை! 200 ரூபாய் டப்பாவுல இருக்கிற ஒரு வசதி இதுல இல்லையேன்னு சிலர் உதட்டைப் பிதுக்குறாங்க. எனக்கு என்னவோ அதுதான் இதோட பெரிய வசதின்னு தோணுது. வீட்டுக்கு ஒரு மீட்டர்னா இப்படித்தான் இருக்கணும். பைக் கரன்ட்டை அளக்க அந்த மஞ்சள் டப்பாவைத் தனியா வெச்சுக்கலாம்.

டிரான்சிஸ்டர் சொருகுற நீல வட்டம், டெம்பரேச்சர் வயர்னு அலங்காரங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். பஸ்ஸர் மட்டும் கட்டாயம் வேணும். பியூஸ் போச்சா, சார்ஜர் வயர் உள்ளுக்குள்ள அறுந்திருக்கா, பிரேக் லைட் சுவிட்ச் வேலை செய்யுதான்னு நம்பரைப் பார்க்காம காதாலயே கண்டுபிடிக்கலாம். டிடி-830 வகையில கடைசி எழுத்தைக் கவனிங்க. ‘பி’யில பஸ்ஸர் இருக்காது, ‘டி’யில இருக்கும். ரெண்டும் பார்க்க ரெட்டைப் பிறவி மாதிரிதான். கிளாம்ப் மீட்டர் வாங்கலாமான்னு ஒரு ஆசை வரும். மலிவு கிளாம்ப் எல்லாம் ஏ.சி. கரன்ட்டைத்தான் பிடிக்கும். பைக் வயரைச் சுத்தி மாட்டினா பூஜ்யம்தான். டி.சி. கிளாம்ப் விலை வேற ரேஞ்சு.

‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’னு போட்டா காசு கூட. வேணுமா? ஈ.பி. கரன்ட்டை மட்டும் பார்க்குறதா இருந்தா அவசியமில்லை. 2012 வாக்குல பவர் கட் உச்சத்துல இருந்தப்ப வாங்கிப் போட்ட இன்வெர்ட்டர் இன்னும் நிறைய வீட்டுல இருக்கு. அதுல சதுர அலை மாடலும் உண்டு. அந்த கரன்ட்டை சாதா மீட்டர்ல அளந்தா கிட்டத்தட்ட 11 சதவீதம் கூட்டிக் காட்டும். 230 இருக்கிற இடத்துல 255-னு வரும். இன்வெர்ட்டர் கெட்டுப்போச்சுன்னு அலறாதீங்க.

வீட்டு பிளக் பாயின்ட்டுல அளக்குற முறை இது. சிவப்பு வயர் வோல்ட் ஓட்டையில இருக்கான்னு முதல்ல பாருங்க. திருகு ஏ.சி. 750 இல்லேன்னா 600, உங்க மீட்டர்ல எது பெருசோ அது. பேண்ட் பாக்கெட்ல ஒரு கையை வெச்சுக்கிட்டு கறுப்பு முள்ளை நியூட்ரல்ல செருகி நிக்கிற மாதிரி விட்டுட்டு, அப்புறம் சிவப்பு. வயரிங் ஒழுங்கா இருந்தா, நேரா பார்க்கும்போது மேல இருக்கிற பெரிய ஓட்டை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம். பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. அங்க நம்பர் வரலைன்னா உங்க ரூமுக்கு எர்த் இல்லை. அயர்ன் பாக்ஸை ஓரங்கட்டிட்டு வார்டனைக் கூப்பிடுங்க. பூஜ்யம்னு காட்டினா உடனே நம்பி வயரைத் தொடாதீங்க. கரன்ட் இருக்குன்னு நிச்சயமா தெரிஞ்ச இன்னொரு பாயின்ட்ல வெச்சு, மீட்டர் உயிரோட இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் நம்புங்க. மெயின் போர்டு மூடியைக் கழட்டுற வேலை மட்டும் எலக்ட்ரீஷியனோடது. எந்த மீட்டர் கையில இருந்தாலும் சரி. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் எல்லாம் பிளக்கைப் பிடுங்கிட்டு ஓம்ஸ்ல பார்க்கிறதுதான் அழகு.

செங்கல்பட்டுல இருந்து ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா ரிச்சி ஸ்ட்ரீட் கிட்டத்துலதான். போகும்போது பாக்கெட்ல ஒரு புது பென்சில் செல் எடுத்துட்டுப் போங்க. கடையிலயே ரெண்டு மூணு மீட்டர்ல அதை அளந்து பாருங்க, எல்லாம் 1.6 பக்கம் ஒத்த நம்பர் சொல்லணும். ஒண்ணு மட்டும் தனியா பாட்டு பாடினா அதை விட்டுடுங்க. ரெண்டு முள்ளையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டு ஓம்ஸ்ல பார்த்தா அரை ஓமுக்குள்ள நிதானமா நிக்கணும். வயரை ஆட்டும்போது நம்பர் குதிச்சா வயர் மொக்கை. பஸ்ஸர் தொட்ட உடனே கத்தணும், யோசிச்சுக் கத்தக் கூடாது.

கடைசியா அதோட 9 வோல்ட் பேட்டரி. இது இளைச்சுப் போனா மலிவு மீட்டர்கள் குறைச்சுக் காட்டாது, கூட்டிக் காட்டும். 12.1 இருக்கிற பைக் பேட்டரி 13-னு தெம்பா தெரியும், நீங்களும் நிம்மதியா தூங்கப் போயிடுவீங்க. திரையில பேட்டரி படம் வந்தா அளக்குறதை நிறுத்திட்டு முதல்ல அதை மாத்துங்க. டிடி-830 தானா ஆஃப் ஆகாது, நாமதான் திருகணும். செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்ப அந்த 9 வோல்ட்டைக் கழட்டி வெச்சுட்டு, மீட்டரை மூடி போட்ட டப்பாவுல போட்டுட்டுப் போங்க. ஜன்னலோரம் வேண்டாம், உப்புக்காத்துக்கு மீட்டரோட திருகும் பிடிக்கும்.